சித்ரா பௌர்ணமி நிலாச்சோறு: அம்மாவுக்கு முட்டி மடங்காது, கடற்கரையில் மேசை போடலாமா?

கூழ்வற்றல் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கடைசியிலதான் வரும், கொஞ்சம் பொறுத்துப் படிங்க.

மே 1, வெள்ளிக்கிழமை, சித்ரா பௌர்ணமி. தொழிலாளர் தின லீவும் சேர்ந்து வருது. நானும் தம்பிகள் ரெண்டு பேரும் பிள்ளைகளைக் கூட்டிட்டு ஊருக்குப் போறோம். அம்மாவோட சேர்த்து 11 பேர். ஊர் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் நடுவுல. வீட்டுல இருந்து கடலுக்குப் பத்து நிமிஷ நடை.

அம்மாவுக்கு 74 வயசு. போன வாரம் போன்ல, "இந்த வருசம் நிலாச்சோறு கடக்கரையில வச்சு சாப்பிடணும்ட்டி"ன்னாங்க. அம்மா இதுவரைக்கும் இப்படி வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை. ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாலே, "எதுக்குட்டி காசைக் கரியாக்குத"ன்னு சண்டைக்கு வர்ற ஆளு. அதனால இதைச் சரியாச் செய்யணும்னு எனக்கு ஒரு பதற்றம்.

சின்ன வயசுல எங்களுக்கு நிலாச்சோறு மொட்டைமாடியிலதான். கோடை லீவு விட்டதும் எங்க வீட்டுல முதல் வேலை கூழ்வற்றல் போடுறது. அம்மா விடியக்காலம் நாலு மணிக்குக் கூழ் கிண்ட ஆரம்பிச்சா, நாங்க எந்திரிக்கும்போது வீடு முழுக்கப் பச்சைமிளகாய், பெருங்காய வாசனை. பழைய வேட்டியை மாடியில விரிச்சு, நாலு மூலைக்கும் கல் வச்சு, ஆளுக்கொரு வரிசையா அச்சுல பிழிவோம். அடிச்சட்டியில மிஞ்சுற சூட்டுக் கூழுக்கு நடக்குற அடிதடியை இங்க எழுத முடியாது. பிழிஞ்சு முடிச்சதும் காக்கா ஓட்டுறது என் வேலை. அப்பாவோட கறுப்புக் குடையை விரிச்சு, அதுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு, கையில ஒரு பைண்டு புத்தகம். வார இதழ்ல வந்த தொடர்கதைகளை அப்பா வாராவாரம் கிழிச்சுச் சேர்த்து வைப்பாங்க. கதை முடிஞ்சதும் கோணி ஊசியால தச்சு, தினக்காலண்டர் அட்டையை மேலட்டையா ஒட்டிடுவாங்க. சாமி படம் போட்ட அட்டைக்குள்ள கொலைகாரன் கதை இருக்கும். பதினோரு மணிக்கு மேல அம்மாவும் சமையலை முடிச்சுட்டு மாடிக்கு வந்துடுவாங்க. குடை ஒண்ணு, புத்தகம் ஒண்ணு, ஆள் ரெண்டு. நான் பக்கம் முடிச்சிருக்க மாட்டேன், அம்மா திருப்பிடுவாங்க. அதுக்குள்ள காக்கா ரெண்டு வரிசையைக் காலி பண்ணியிருக்கும்.

பௌர்ணமின்னா அதே மாடியில ராத்திரிச் சாப்பாடு. தட்டெல்லாம் கிடையாது. பெரிய சட்டியில பிசைஞ்சு உருண்டை உருட்டி, வட்டமா உக்காந்திருக்கிற எங்க கையில அம்மா வரிசையா வைப்பாங்க.

இப்போ பிரச்சினைக்கு வர்றேன். அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் மடங்காது. பாயில உக்கார முடியாது. உக்காந்தா எந்திரிக்க மூணு பேர் வேணும். நாற்காலி போட்டா மணலுக்குள்ள இறங்குது (போன தடவை சித்தப்பா சாய்ஞ்ச கதை இருக்கு). சின்னத் தம்பி பொண்டாட்டி ஒரு படம் அனுப்பியிருக்கா: கடலோரத்துல நீள மேசை, வெள்ளைத்துணி, கண்ணாடிக் குடுவைக்குள்ள மெழுகுவத்தி, நடுவுல சிப்பியும் பூவும், மேல சரம்சரமா குட்டி லைட்டு. பாக்க அழகாத்தான் இருக்கு, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அந்தத் துணி எங்க ஊர்க் காத்துக்கு நேரா இலங்கைக்குப் போயிடும்.

மேசை போடவா வேண்டாமா? காத்துல இலை பறக்காம, சோத்துல மணல் விழாம எப்படிப் பரிமாறுறது? பூ எதாவது வைக்கலாமா? இன்னொண்ணு, அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிஞ்சும் பொடி எழுத்து ஓடாது. படிக்கிறதை விட்டு அஞ்சு வருசமாச்சு. அப்பா தச்ச பைண்டு ஒண்ணு என்கிட்ட இருக்கு. அங்க வச்சு நான் வாசிச்சுக் காட்டலாம்னு ஆசை. கடல் சத்தத்துல கேக்குமா?

சாப்பாடு மட்டும் முடிவாயிடுச்சு: மாங்காயும் முருங்கைக்காயும் போட்ட கூட்டாஞ்சோறு. ஒரு கிலோ அரிசிக்கு 350 கிராம் துவரம்பருப்பு. கூடவே கூழ்வற்றல். அப்புறம் தயிர்சோறு. வெயில்ல புளிக்காம இருக்க, சோத்தைக் காய்ச்சுன பால்ல குழைச்சு, பேருக்கு ஒரு கரண்டி தயிர் விட்டா எட்டு மணிக்குச் சரியா இருக்கும்.

---

வள்ளக்காரன்

அக்கா, நான் மணப்பாடு பக்கந்தான். தொழில் கடல்ல. சொல்றதைக் கேட்டுக்கோங்க.

முதல்ல இடம். பௌர்ணமி அன்னைக்கு திருச்செந்தூர் கோயில் கடற்கரைப் பக்கமே போயிராதீங்க. இப்பல்லாம் ராத்திரி தங்குறதுக்குன்னே ஊர் ஊரா பஸ் பிடிச்சு வர்றாங்க. காலு வைக்க இடம் இருக்காது. உங்க ஊர்க் கரையே போதும்.

ரெண்டாவது நேரம். நமக்குக் கடல் கிழக்கே. பௌர்ணமி அன்னைக்குச் சூரியன் விழுகிற நேரமும் நிலா எழும்புற நேரமும் ஏறக்குறைய ஒண்ணு. ஆறரை மணி சுமாருக்கு நேரா தண்ணிக்குள்ள இருந்துதான் எந்திரிக்கும். ஆறு மணிக்கெல்லாம் உக்காந்திருங்க. மேற்குக் கரையில இருக்கிறவனுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

மூணாவதுதான் முக்கியம். பௌர்ணமிக்குத் தண்ணி வழக்கத்தைவிட மேல ஏறும். மணல்ல பாருங்க, முந்தின அலை விட்டுட்டுப் போன பாசியும் சிப்பியும் ஒரு கோடு மாதிரி கிடக்கும். அந்தக் கோட்டுல இருந்து இருபது எட்டு மேல தள்ளி உக்காருங்க. அப்புறம் இந்தக் கள்ளக்கடல். ஏப்ரல், மே மாசத்துல சில நாள் காத்தே இருக்காது, கடல் பாக்கப் பொட்டியில வச்ச பட்டு மாதிரி கிடக்கும், திடீர்னு பெரிய அலை கரையேறும். எங்கயோ தெக்கே ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால அடிச்ச புயலோட அலை அது. ஹைதராபாத்துல இருக்கிற கடல் ஆய்வு மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும், செய்தியில வரும். எச்சரிக்கை இருந்தா யோசிக்கவே வேண்டாம், மாடிக்குப் போயிருங்க.

காத்து: மே முதல்ல சாயங்காலம் கொண்டல்தான், கடல்ல இருந்து வரும். ராத்திரி ஒம்பது பத்துக்கு மேல அடங்கும். கடலைப் பாத்து உக்காந்தா மூஞ்சியில அடிக்கும், மணலும் வரும். அதுக்கு ஒரு வழி இருக்கு. உக்காருற இடத்துக்கு முன்னாடி பத்தடிக்கு, ரெண்டு குடம் கடல்தண்ணி தெளிச்சு விடுங்க, வாசல் தெளிக்கிற மாதிரி. ஈர மணல் எந்திரிக்காது. காஞ்சா திரும்பத் தெளிங்க. பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கொடுத்தா அதுகளும் ஓடியாடி மணலைக் கிளப்பாது.

நாற்காலி வேண்டவே வேண்டாம். முன்னங்கால் ரெண்டும் இறங்கிச்சுன்னா ஆச்சி குப்புற விழுந்துருவாங்க. வீட்டுல நார்க்கட்டில் கிடந்தா தூக்கிட்டு வாங்க. கால் நாலுக்கும் கீழ ஒரு சாண் பலகைத் துண்டு போட்டா இறங்காது. எந்திரிக்கவும் சுளுவு. மேசை வேணும்னா ரெண்டு மீன் கூடையைக் கவுத்தி மேல பலகை போடுங்க, அசையாது. எத்தனை தடவை கழுவினாலும் வாடை இருக்கும், அதை இப்பவே சொல்லிடறேன்.

மீன் வேணும்னா: ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை. எங்களை மாதிரி நாட்டுப்படகு போகும். வரத்து குறைவு, விலை கூடத்தான் இருக்கும். நிலா வெளிச்சத்துல முள்ளு மீன் தின்னாதீங்க. நெத்திலி வறுத்துக்கோங்க, முள்ளோட மென்னுரலாம்.

---

மணல்மேடு

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா? ஈசிஆர்ல ஏதாவது ரிசார்ட்டுல ஒரு டேபிள் புக் பண்ணினா எல்லாம் அவனே பாத்துப்பான்.

---

கூழ்வற்றல்

மணல்மேடு, பார்ப்பான். உருண்டை உருட்டிக் கையில வைப்பானான்னுதான் தெரியலை.

வள்ளக்காரன் தம்பி, கட்டில் யோசனைக்கு உனக்கு ஒரு கோயில் கட்டணும். எங்க வீட்டு மாட்டுத்தொழுவத்துல தாத்தா படுத்த நார்க்கட்டில் ஒண்ணு கிடக்கு. மீன் கூடையை மட்டும் விட்டுடறேன். தயிர்சோத்துல நெத்திலி வாடை வந்தா அம்மா கடலுக்குள்ள தள்ளிடுவாங்க, என்னைத்தான்.

---

தோவாளைக்காரி

மதினி, பூ விஷயம் நான் சொல்லுதேன். இருபது வருசமா பூ கட்டுதேன்.

கோடைதான் மல்லிக்குக் காலம். மார்கழியில தங்க விலைக்கு விக்கிற பூ, சித்திரையில வாங்க ஆளில்லாம குமியும். அதனால முழம் கணக்குல அளந்து நிக்காதிய, தாராளமா வாங்குங்க. காலையில விரியாத மொட்டா பாத்து வாங்கணும். வெள்ளையா, குண்டா, காம்பு பச்சையா இருக்கணும். விடியக்காலம் பறிச்ச மொட்டு சாயங்காலம் ஆறு ஏழு மணிக்குத்தான் வாய் திறக்கும். நிலா எழும்புற நேரம்னு அந்தத் தம்பி சொன்னாரே, அதே நேரந்தான். தலையில வச்சுட்டு உக்காந்தா, இருந்த இருப்பில வாசனை ஏறுறது உங்களுக்கே தெரியும்.

வாங்கினதை பிளாஸ்டிக் கவருல கட்டி வைக்காதிய, வேர்த்து அவிஞ்சு மஞ்சளாயிரும். வாழையிலையில பொதிஞ்சு, மேல ஈரத்துணி சுத்தி, மண்பானை பக்கத்துல வச்சாப் போதும்.

மேசைக்கு நடுவுல கிண்ணத்துல பூ மிதக்க விடுறதெல்லாம் காத்துக்கு ஆகாது. தண்ணிப்பானை கழுத்துல ரெண்டு சுத்து மல்லிச் சரத்தைக் கட்டி விடுங்க. பானைக்குள்ள கொஞ்சம் வெட்டிவேர். அதுக்கு மேல என்ன அலங்காரம் வேணும்?

கொன்றை இப்ப ரோட்டோரமெல்லாம் சரம்சரமா தொங்குது, ஒடிக்கணும்னு கை துறுதுறுக்கும். ஒடிச்சா மத்தியானத்துக்குள்ள இதழ் எல்லாம் உதிர்ந்து காம்புதான் மிஞ்சும். அது மரத்துல இருந்தாத்தான் அழகு. மணல்ல படர்ந்து கிடக்கிற அடம்பங்கொடியும் அப்படித்தான், ஊதாப்பூ காலையில விரிஞ்சு சாயங்காலம் சுருங்கிரும். கொடியை இழுத்துப் பிடுங்க விடாதிய, கரை மணலைப் பிடிச்சு வைக்கிறதே அதுதான். பிள்ளைகளுக்கு பூவரசம்பூ பறிச்சுக் கொடுங்க. காலையில மஞ்சளா இருக்கிறது பொழுதடைய செவந்து போகும், அதுகளுக்கு வேடிக்கை. இலையைச் சுருட்டி பீப்பீ ஊதவும் சொல்லிக் கொடுங்க. அப்புறம் சத்தம் தாங்கலைன்னு என்னை ஏசாதிய.

---

ஓய்வுநூலகர்

அம்மையாருக்கு வணக்கம். முப்பத்தோராண்டுகள் கிளை நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வாசிப்பு பற்றி மட்டும் கூறுகிறேன்.

கடலோரத்தில் வாசித்துக் காட்டலாம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அம்மாவை நோக்கி வீசும்படி நீங்கள் உட்கார வேண்டும். அப்போது குரலை அதுவே கொண்டுபோய்ச் சேர்க்கும். எதிர்க்காற்றில் தொண்டை கிழியக் கத்தினாலும் பாதி வார்த்தைதான் போகும்.

ஆனால் எனக்கு ஓர் ஐயம். அம்மா படிப்பதை விட்டது எழுத்து பொடியாக இருப்பதால்தானே? அப்படியானால் நீங்கள் ஏன் வாசித்துக் காட்ட வேண்டும்? அந்தப் பைண்டை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஏ4 அளவை ஏ3 தாளுக்குப் பெரிதாக்கச் சொன்னால் எழுத்து 141 சதவீதம் ஆகிவிடும். அதுவும் போதாதென்றால், வார இதழில் கதை பெரும்பாலும் இரண்டு மூன்று பத்திகளாக இருக்கும். ஒரு பத்தியை மட்டும் தனியே பெரிதாக்கினால் எழுத்து சுண்டைக்காய் அளவு வரும். பழைய தாள் பழுப்பேறியிருக்கும். அப்படியே எடுத்தால் நகலும் சாம்பல் பூத்து விழும். பின்புலத்தை வெளுத்து, எழுத்தைக் கறுப்பாக்கித் தரச் சொல்லுங்கள். எங்கள் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு முதியவருக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன். வாரம் நாற்பது பக்கம் படித்தார். பிறகு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி என்னிடமே கொடுக்க ஆரம்பித்தார், அது வேறு கதை.

மூலப் பைண்டைக் கடற்கரைக்குக் கொண்டு போகாதீர்கள். உப்புக் காற்றில் தாள் நமத்துப் போகும். கோணி ஊசித் தையல் என்கிறீர்கள், பிரிக்கும்போது நூலை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்து எடுங்கள். தாள்களில் அரித்த ஓட்டைகள் இருந்தால் அது இராமபாணப் பூச்சியின் வேலை. உதறி, நிழலில் ஒரு நாள் விரித்து வைத்துவிட்டுக் கட்டுங்கள். நகல்களை ஓர் அட்டையில் வைத்து, துணி உலர்த்தும் கிளிப்பால் நான்கு மூலையிலும் கவ்வி விட்டால் காற்று ஒன்றும் செய்யாது.

நிலா வெளிச்சத்தில் படிக்கலாம் என்பது கதைகளில் வருவது. ஐந்து மணியிலிருந்து ஆறே கால் வரை படிக்கட்டும். வெயில் முதுகில் விழும்படி, முகம் கடலைப் பார்த்து. தாள் பளிச்சென்று தெரியும்.

---

யாழ்ப்பிளா

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது டொராண்டோவிலை. இதை வாசிக்க எனக்கு ஊர் நினைவு வந்திட்டுது.

சின்னனிலை காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போகேக்கை, அங்கையே கல் மூட்டி அம்மா ஒடியல் கூழ் காய்ச்சுவா. பனங்கிழங்கைக் கீறிக் காயவிட்டு இடிச்ச ஒடியல் மா, நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, பயித்தங்காய், மரவள்ளி, எல்லாம் ஒரே பானைக்குள்ளை. கோப்பை, பீங்கான் ஒண்டும் இல்லை. பனை ஓலையை மடிச்சு பிளா எண்டு ஒண்டு செய்து தருவினம். அதிலை கூழை வார்த்து, வட்டமா இருந்து, மூக்காலையும் கண்ணாலையும் தண்ணி ஓட ஓடக் குடிக்கிறது. காத்துக்குப் பறக்காது, மணலிலை குத்தி வைக்கலாம், முடிஞ்சால் எறிஞ்சிடலாம். உங்கடை பக்கமும் பனை நிறைய எல்லோ. வாழையிலையை விட்டிட்டு ஓலையிலை ஏதாவது பாருங்கோ.

இன்னொரு விசயம். எங்கடை ஊரிலை சித்திராபௌர்ணமி எண்டால் அம்மாவைப் பறிகுடுத்த ஆக்கள் விரதம் பிடிக்கிற நாள். அப்பா இல்லாட்டி ஆடி அமாவாசை, அம்மா இல்லாட்டி இது. கோயில்களிலை சித்திரைக் கஞ்சி காய்ச்சி ஊத்துவினம். சித்திரபுத்திரனார் கதையை ஒராள் ராகத்தோடை படிக்க, மற்ற ஆக்கள் இருந்து கேப்பினம். அப்ப பாருங்கோ, நிலவு, சாப்பாடு, வாசிப்பு மூண்டும் எங்களுக்கும் அண்டைக்குத்தான்.

நான் மூண்டு வருசமா விரதக்காறி. நீங்கள் வடிவாச் சாப்பிடுங்கோ. அம்மாவின்ரை கையாலை ஒரு உருண்டை கூட வாங்குங்கோ.

---

கூழ்வற்றல் (மே 3)

போயிட்டு வந்தாச்சு. கேட்டவங்களுக்காக நடந்ததை அப்படியே எழுதுறேன்.

கட்டிலைத் தொழுவத்துல இருந்து எடுத்து, நாரை இழுத்துக் கட்டி, வெயில்ல ரெண்டு நாள் போட்டோம். அதுல இருந்த மூட்டைப்பூச்சிக்கு எங்க தாத்தாவைத் தெரிஞ்சிருக்கும், அவ்வளவு பழசு. தம்பிகள் ரெண்டு பேரும் தலையில தூக்கிட்டுக் கடக்கரைக்கு நடந்தப்போ தெருவே வெளியில வந்து, யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுச்சு. அம்மா பின்னாடியே வந்து, "எனக்குத்தான், இன்னும் ஒண்ணும் ஆகலை"ன்னு எல்லாருக்கும் பதில் சொல்லிட்டே வந்தாங்க.

பலகைத் துண்டு வச்சும் ஒரு கால் இறங்கிடுச்சு. அந்தக் கால்ல மட்டும் ரெண்டு பலகை வச்சதும் நின்னுச்சு.

வாழையிலையில பரிமாறுறதை விட்டுட்டேன். யாழ்ப்பிளா சொன்னதும் எனக்கு ஓலைக் கொட்டான் (பனையோலையில முடைஞ்ச சின்னப் பெட்டி) ஞாபகம் வந்துச்சு. மணப்பாட்டுல முடையுறவங்ககிட்டயே பன்னிரண்டு வாங்கினேன், உள்ளங்கையை விரிச்ச அகலம். வாழையிலையை அடுப்பு அனல்ல வாட்டி, கிழியாம வளைஞ்சதும் வட்டமா வெட்டி, கொட்டானுக்குள்ள வச்சேன். மணல்ல லேசா ஒரு பள்ளம் பறிச்சு அதுல கொட்டானை அழுத்திட்டா எந்தக் காத்துக்கும் அசையலை. விளிம்பு உயரமா இருக்கிறதால மணலும் உள்ள வரலை. அதாவது, பெரியவன் பிள்ளை பந்தைத் துரத்திட்டு நடுவுல ஓடுற வரைக்கும் வரலை. மூணு கொட்டான் போச்சு. நறநறன்னு கடிச்சுக்கிட்டே சாப்பிட்டோம்.

மேசையும் போட்டோம், ரெண்டு முக்காலி மேல ஒரு பலகை. தம்பி பொண்டாட்டி முகம் வாடக் கூடாதுன்னு. கடைசியில அதுல தண்ணிப்பானையும் மல்லிச்சரமும் மட்டும்தான் இருந்துச்சு. அவளோட கண்ணாடிக் குடுவையைப் பத்தி நான் பேசினது தப்பு. குடுவையில பாதிக்கு மணல் நிரப்பி அதுல மெழுகுவத்தியை நட்டா, ஒண்ணுகூட அணையலை, சாயலை. எங்களுக்குப் பத்தடி தள்ளி வரிசையா வச்சா. பூச்சியெல்லாம் அங்க போயிடுச்சு, எங்க சோத்துப் பக்கம் எட்டிப் பாக்கலை. என் அரிக்கேன் விளக்குதான் புகைஞ்சு மானத்தை வாங்கிடுச்சு.

நூலகர் ஐயா, ஜெராக்ஸ் கடைப் பையன் ஒரு பத்திக்கு ஒரு ஏ3 தாள்னு கேட்டதும் என்னை ஏற இறங்கப் பாத்தான். ரெண்டு அத்தியாயத்துக்கே 22 தாள் வந்துச்சு. அஞ்சு மணிக்குக் கட்டில்ல உக்காந்த அம்மா கையில அட்டையைக் கொடுத்தேன். முதல்ல தூரமா நீட்டிப் பாத்தாங்க, பழக்கம். அப்புறம் கிட்ட கொண்டு வந்தாங்க. உதடு அசைய ஆரம்பிச்சுது. நான் பக்கத்துல உக்காந்து தோளுக்கு மேல எட்டிப் பாத்தேன். நான் பக்கம் முடிக்கிறதுக்குள்ள அம்மா அடுத்த தாளுக்குப் போயிட்டாங்க. 46 வயசுலயும் எனக்கு இதே பிரச்சினை.

அதுல ஒரு வேடிக்கை. அந்தக் கதையோட கடைசி வாரம் பைண்டுலயே இல்லை, அந்த வார இதழை யாரோ ரயில்ல படிக்க வாங்கிட்டுப் போனதா அப்பா அட்டையில பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க. முடிவு என்னன்னு அம்மாகிட்ட கேட்டோம். யோசிக்காம மடமடன்னு சொன்னாங்க: யார் கொலைகாரன், எப்படி மாட்டினான், கதாநாயகி யாரைக் கட்டினா, எல்லாம். பிள்ளைக வாயைப் பிளந்துட்டுக் கேட்டுச்சு. அப்புறம் என்கிட்ட மட்டும் மெதுவா, "எனக்கு எங்கட்டி ஞாபகம் இருக்கு, நானா சொன்னேன்"ன்னாங்க.

நிலா ஆறரைக்கு வரலை தம்பி. அடிவானத்துல மேகம் படுத்திருந்துச்சு. சின்னவன், "ஆச்சி, ஏமாத்திட்டாங்க"ன்னு அழ ஆரம்பிச்சான். ஆறே முக்கால் தாண்டி, மேகத்துக்கு மேல செக்கச்செவேல்னு ஒரு விளிம்பு தெரிஞ்சுது, வெட்டி வச்ச பப்பாளிப் பழம் மாதிரி. தோவாளைக்காரி சொன்ன மாதிரியே அதுக்குள்ள மல்லியும் விரிஞ்சிருந்துச்சு. முதல்ல மோந்து பாத்துச் சொன்னது பெரிய தம்பி, பூ வாசனையே தெரியாத ஆளு.

கொட்டான்ல பரிமாறினது ஒரு சுத்துதான். தயிர்சோத்துக்கு வந்ததும் அம்மா சட்டியைக் கட்டில் மேல தூக்கி வைக்கச் சொன்னாங்க. நாங்க எல்லாரும் கீழ மணல்ல, அம்மா மேல. உருண்டை உருட்டி, குனியாமலே எங்க கையில வச்சுட்டே வந்தாங்க. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு துண்டு மாவடு. யாழ்ப்பிளா, உங்களுக்குன்னு சொல்லி ஒண்ணு கூட வாங்கினேன். நானே தின்னுட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காலண்டரைக் கிழிச்சுக்கிட்டே, அடுத்த பௌர்ணமி இதே மாசத்துலயே வருதாமேன்னு கேட்டாங்க. பாத்தேன், மே 31, ஞாயித்துக்கிழமை. அதை ஒட்டி வைகாசி விசாகம் வேற, திருச்செந்தூர் ரோட்டுல வண்டி நகராது. வள்ளக்காரன் தம்பி, அதுக்குள்ள மேக்க இருந்து வர்ற கச்சான் காத்து கிளம்பிடுமா? தேரிக்காட்டுச் செம்மணலை அள்ளிட்டு வந்து கொட்டுமே. கட்டிலைக் கடலைப் பாத்தே போடலாமா, இல்லை மாடியிலயே வச்சுக்கலாமா? அம்மா மாடிக்கு ஏற 17 படி. மீதி அத்தியாயத்தையும் ஜெராக்ஸ் போடக் கொடுத்துட்டேன்.